தீர்ப்பைச் சுமந்து வரும் சொற்கள்: கல்முனைக் கரையிலிருந்து ஓர் அரசியல் சொல் வரலாறு

கல்முனையில் ஓர் அரச அலுவலகம் இருக்கிறது. ஒருவர் அதைக் 'கல்முனை வடக்குப் பிரதேச செயலகம்' என்று சொன்னால் அவர் தமிழர் என்றும், 'உப செயலகம்' என்று அழுத்திச் சொன்னால் அவர் முஸ்லிம் என்றும் கேட்பவர் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுவார். 'உப' என்ற இரண்டெழுத்துக்குள் ஒரு முழு வழக்கும் அதன் தீர்ப்பும் அடங்கியிருக்கின்றன. 2019 ஜூன் மாதம் இந்த அலுவலகத்தைத் தரமுயர்த்தும்படி ஒரு பக்கம் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுபக்கம் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரு பந்தலில் 'உரிமை' என்று பேசினார்கள், மறு பந்தலில் 'பிரிவினை' என்று பேசினார்கள். உரிமைக்கு எதிராக யார் வாய் திறக்கலாம்? பிரிவினைக்கு ஆதரவாக யார் கையெழுத்து வைக்கலாம்? எல்லைக்கோடு எந்தத் தெருவால் போகும், சந்தை வருமானம் எந்தக் கணக்கில் விழும், வயற்காணிப் பதிவு எந்த அலுவலகத்தில் கிடக்கும் என்று உண்மையில் கதைக்க வேண்டிய விடயங்கள் இரண்டு பந்தல்களுக்கும் நடுவில் அநாதையாகக் கிடந்தன.

இந்தக் கட்டுரை அந்த அலுவலகத்தைப் பற்றியதல்ல. அந்தப் பந்தல்களில் ஒலித்த சொற்களைப் போன்றவை எப்படி நம்மட கரைக்கு வந்து சேர்ந்தன என்பதைப் பற்றியது. அரசியல் பேச்சில் சில சொற்கள் தகவலைச் சொல்வதோடு நிற்பதில்லை, தீர்ப்பையும் கூடவே சுமந்து வருகின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டு பேசத் தொடங்கினால் பேச்சு தொடங்கும் முன்னரே முடிந்துவிடுகிறது. சென்ற நூற்று முப்பது, நூற்று நாற்பது ஆண்டுகளில் இலங்கை முஸ்லிம்கள் இப்படியான சொற்களால் அடிபட்டிருக்கிறார்கள். அதே சொற்களை எடுத்து மற்றவர்களை அடித்தும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத வரலாறு அரை வரலாறுதான்.

'இனத்தால் தமிழர்'

1885இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முகம்மதியர் என்ற கருத்தை முன்வைத்தார். 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் வாசித்தார். மொழி, உடல்தோற்றம், சமூக வழக்கங்கள் என்பவை அவர் காட்டிய சான்றுகள். வெளிப்பார்வைக்கு இது மானிடவியல். ஆனால் அக்காலத்தில் சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் இல்லை, தமிழ் உறுப்பினரே அவர்களுக்கும் சேர்த்துப் பேசுபவராகக் கருதப்பட்டார். தனிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை எழுந்த வேளையில் வந்த கருத்து இது. சோனகர் தமிழரே என்று ஆகிவிட்டால் தனி ஆசனம் எதற்கு? இப்படி, கேட்கப்பட வேண்டிய அரசியல் கேள்வி ஒரு பெயருக்குள் புதைக்கப்பட்டது. ஆனாலும் 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனுக்கு விரிவான மறுப்பை 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதினார். மொழி ஒன்றாக இருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது என்பது அவருடைய வலுவான வாதம், அது இன்றும் நிற்கிறது. ஆனால் அவர் கையில் எடுத்த மாற்றுச் சொல்லான 'அறபு வம்சம்' என்பதும் ஒரு தீர்ப்போடுதான் வந்தது. கொழும்பு வர்த்தகர் குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் தாய்வழிக் குடிமுறையோடு வயல் செய்து வாழ்ந்த முஸ்லிம் விவசாயியின் வரலாறு அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது? குடிமுறை, பெண்வீட்டில் மாப்பிள்ளை குடியிருக்கும் வழக்கம் போன்றவை பக்கத்து ஊர்த் தமிழரோடு நமக்குப் பொதுவானவை. இரண்டு கொழும்புப் பெரியவர்களின் விவாதத்தில் கிழக்கின் வாழ்க்கை சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

பெயர்ச் சண்டை நமக்குள்ளேயும் நடந்தது. றாஸிக் பரீத் முன்னின்ற சோனகர் சங்கமும் டி.பி. ஜாயா முன்னின்ற முஸ்லிம் லீக்கும் 'சோனகரா, முஸ்லிமா' என்று மோதிக்கொண்டன. 'சோனகர்' என்றால் மலாயர் வெளியே நிற்க வேண்டும், 'முஸ்லிம்' என்றால் உள்ளே வரலாம். ஜாயா ஒரு மலாயர் என்பதை மறந்துவிட்டு இந்தச் சொற்போரை விளங்க முடியாது.

கேடயமாகப் பிடித்த சொல்

1915 கலவரம் இன்னொரு பாடம். கம்பளையில் பெரஹரா ஊர்வலம் பற்றிய வழக்கு 'கரையோரச் சோனகர்' எனப்பட்ட, இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்களின் பள்ளிவாசலோடு தொடர்புடையது. கடன் கொடுப்பவன், விலை ஏற்றுபவன், அந்நியன் என்ற பழி எல்லாம் சிங்களத்தில் 'ஹம்பயா' என்ற ஒற்றைச் சொல்லில் ஏற்றப்பட்டது. இலங்கைச் சோனகர் பலர், 'அந்தப் பெயர் நமக்கில்லை, அவர்களுக்குத்தான்' என்று நினைத்தார்கள். கூட்டம் கடைகளை உடைத்தபோது யாருடைய பிறப்புப் பத்திரத்தையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவன் மீது ஒரு வசைச்சொல் விழும்போது நம்மைத் தனியாகப் பிரித்துக் காட்டிக்கொள்வது பாதுகாப்பல்ல என்பதை அந்த ஆண்டு காட்டியது. 2019க்குப் பிறகு 'நாங்கள் பாரம்பரிய முஸ்லிம்கள், அவர்கள்தான் தீவிரவாதிகள்' என்று குழுவுக்குக் குழு விரல் நீட்டியபோது இந்தப் பழைய பாடம் யாருக்கும் நினைவில் இருக்கவில்லை.

'தமிழ் பேசும் மக்கள்' முதல் 'தொப்பி பிரட்டி' வரை

1949 டிசம்பரில் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லைக் கையாண்டது. இராமநாதனின் 'இனத்தால் தமிழர்' என்பதைவிட இது எவ்வளவோ மரியாதையான சொல். மொழியால் அழைத்தது, வம்சத்தைக் கேட்கவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நாட்டையே உலுக்கிய ஆண்டில், கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சிச் சின்னத்தில் வென்றார்கள். இக்கரை முஸ்லிம்கள் அந்த அழைப்பை மனதார ஏற்றதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா 1959இல் நிதி அமைச்சராகவும் ஆனார். வாக்களித்த தமிழ் மக்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் தங்கிய சொல்லைப் பாருங்கள்: 'தொப்பி பிரட்டி'. தொப்பி யாருடைய அடையாளம்? கட்சி மாறியது இரண்டு பேர், சொல் விழுந்ததோ தொப்பி போடும் எல்லோர் தலையிலும்.

இதே அளவுகோலைத் தமிழர் அரசியலுக்குள் வைத்துப் பார்ப்போம். 1977 தேர்தலில் இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம். கனகரத்தினம் வென்றார், வென்ற பின் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மட்டக்களப்பின் செல்லையா இராசதுரையும் 1979இல் அரசாங்கத்தில் சேர்ந்தார். இவர்களைத் 'துரோகி' என்றார்கள். அது கொடிய சொல்தான், 1975இல் யாழ் மேயர் அல்பிரட் துரையப்பாவின் உயிரைக் குடித்த சொல்லும் அதுவே. ஆனாலும் அது தனி ஆளின் மீது விழுந்த சொல். தமிழர் எல்லோரும் கட்சி மாறிகள் என்று யாரும் சொல்லவில்லை. தமிழர் மாறினால் ஆள் குற்றவாளி, முஸ்லிம் மாறினால் சமூகமே குற்றவாளி. பாரமேற்றிய சொல்லின் வேலை இதுதான்: ஒருவர் செய்த செயலைப் பெயராக்கி, அந்தப் பெயரை அவருடைய ஆக்கள் எல்லோர் நெற்றியிலும் ஒட்டுவது.

அதே 1977இல் எம்.எச்.எம். அஷ்ரப் உள்ளிட்டோரின் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோத்தே தேர்தலில் நின்றது. கூட்டணிச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் எவரும் வெல்லவில்லை. தொப்பி பிரட்டிக் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

சொல்லும் துவக்கும்

1985 ஏப்ரலில் காரைதீவு, கல்முனைப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் மோதினார்கள். 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம், வடக்குக் கிழக்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடம் என்றும், அங்கே ஏனைய இனக் குழுக்களும் சேர்ந்து வாழ்ந்து வந்துள்ளன என்றும் சொன்னது. கிழக்கு முஸ்லிம் இதில் எங்கே? 'தமிழ் பேசும்' என்பதற்குள்ளேயா, 'ஏனைய' என்பதற்குள்ளேயா? இரண்டு மாகாணங்களை இணைத்த ஒப்பந்தத்தின் இந்த வாசகத்தில் முஸ்லிம் என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போனது, முப்பது ஆண்டுகளாக வரவேற்ற அதே 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லின் மறைவில்தான். அழைப்பாக வந்த சொல் மூடியாக மாறியது. 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் அதன்பின் பெருங்கட்சியாக எழுந்ததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

1990 நமக்குத் தெரியும். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். அதற்கு முன்னரே 'காட்டிக்கொடுப்பவர்கள்' என்ற சொல் ஒரு சமூகத்தின் மீது போடப்பட்டிருந்தது. சொல் முன்னால் போனது, துவக்கு பின்னால் வந்தது.

நடந்த பிறகும் சொற்களின் வேலை முடியவில்லை. துரத்தப்பட்டது 'இடம்பெயர்வு' ஆனது, யாரோ தாமாகப் பெயர்ந்து போனது போல. 2009க்குப் பின் மீள்குடியேற்றம் தொடங்கியபோது இறுதிப் போரில் இடம்பெயர்ந்தோர் 'புதிய அகதிகள்' என்றும், 1990இல் வந்தோர் 'பழைய அகதிகள்' என்றும் பிரிக்கப்பட்டனர். முன்னுரிமை புதியவர்களுக்குப் போனது. 'பழைய' என்ற சொல்லில் வசை எதுவும் இல்லை. ஆனால் புத்தளத்து முகாமில் இருந்த குடும்பத்துக்கு அந்த ஒரு சொல்லால் போன உதவி எவ்வளவு! அலுவலக மொழியின் சாதுவான சொல்லும் சில வேளை பாரம் ஏற்றிய சொல்தான்.

இனி மறுபக்கம். அதே 1990 ஆகஸ்டில் திராய்க்கேணியிலும் வீரமுனையிலும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள், முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கையும் அதில் இருந்தது. அவர்கள் புலிகள் அல்லர், அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 'தமிழன் எண்டால் புலி' என்ற பேச்சு நம் ஊர்களில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 'முஸ்லிம் என்றால் காட்டிக்கொடுப்பவன்' என்ற சூத்திரத்துக்கும் இதற்கும் அமைப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. காத்தான்குடியை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம் வீரமுனையைக் 'கலவரம்' என்ற பொதுச் சொல்லில் கடந்து போனால், 'இடம்பெயர்வு' என்று எழுதுபவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

நிலத்துக்கான சொற்கள்

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. அரசாங்கம் அதை 'அபிவிருத்தி' என்றது. கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் 'குடியேற்றம்' என்றார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவானது. தேர்தல் மாவட்டத்தின் பெயரோ 'திகாமடுல்ல' ஆயிற்று. கரையோரத்தில் வாழும் பெரும்பான்மையோர் நாவில் வராத பெயர் அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். அரச பெயர்ப்பலகையில் இருக்கும் சொல்லும் அதன் கீழே வாழும் மக்களும் இங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

தமிழர் அரசியல் 'பாரம்பரிய தாயகம்' என்றது. அதற்குப் பதிலாக முஸ்லிம் அரசியல் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை மையமாக வைத்துத் 'தென்கிழக்கு அலகு' என்றது. 2003 ஜனவரி 29ஆம் திகதி ஒலுவில் பிரகடனம் முஸ்லிம் தேசம், தாயகம், சுயநிர்ணயம் என்று முழங்கியது. சமாதானப் பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு மறுக்கப்பட்ட காலத்தில் எழுந்த குரல் அது, அதன் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சொற்கள் எல்லாம் மற்றவரின் அகராதியிலிருந்து எடுத்தவை. 'தாயகம்' என்ற சொல் ஒரு நிலத்துக்கு ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும் என்ற எண்ணத்தையும் கூடவே கொண்டுவரும். ஒரு தெரு முஸ்லிம், அடுத்த தெரு தமிழர் என்று கிடக்கும் கல்முனைக்கு இந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அளவு பிழைத்த சட்டைதான்.

கறிக்குள் கிடந்த மாக்கட்டி

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்ததென்று வாக்குவாதம் எழுந்தது. அது சிங்களவரை மலடாக்கும் 'கருத்தடை மாத்திரை' என்றார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்று கேட்டபோது பயத்தில் ஆமென்று சொன்னார், அது ஒளிப்பதிவாகிக் கைபேசிகளில் பரவியது. கடையோடு நிற்காமல் நகரப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்குள் திகன எரிந்து முடிந்துவிட்டது.

'முஸ்லிம்கள் பெருகுகிறார்கள்' என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஏற்றி வைத்த பாரம் இல்லாவிட்டால் ஒரு மாக்கட்டி மாத்திரை ஆகியிருக்காது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் இந்த ஏற்றம் இன்னும் கூடியது. ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த கொலைகாரர்களைப் பற்றித் தகவல் கொடுத்ததே ஊர் முஸ்லிம்கள்தான். ஆனாலும் 'சாய்ந்தமருது' என்ற ஊர்ப்பெயரே பல மாதங்கள் வசைச்சொல்லாகச் சுற்றியது.

வீட்டுக்குள் வந்த சொல்

1987க்கு முன் கல்முனைக்குப் பட்டின சபையும் கரவாகுப் பகுதிகளுக்குக் கிராம சபைகளும் தனித்தனியாக இருந்தன. அவை ஒன்றாக்கப்பட்டன, 2001இல் மாநகர சபை வந்தது. தனக்குத் தனிச் சபை வேண்டுமென்று சாய்ந்தமருது கேட்டது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஊர்களுக்கிடையே நடந்த இந்த இழுபறியில் மேடைகளில் ஒலித்தவை எவை? 'சமூகத் துரோகி', 'முனாபிக்', 'காட்டிக்கொடுத்தவன்'. துரையப்பாவைத் தேடிச் சென்ற சொல்லும் 1990இல் நம்மைத் தேடி வந்த சொல்லும் ஒரு நகர சபைக்காக முஸ்லிம் முஸ்லிமைப் பார்த்துச் சொல்லும் சொல்லாகின. ஓர் ஊரின் வரி வருமானம் பற்றிய கேள்வியை ஈமான் பற்றிய கேள்வியாக்கிவிட்டால் பதில் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அல்-ஹுஜுராத் அத்தியாயம் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கிறது என்பதை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அல்-பகராவில் இன்னும் நுட்பமான ஒரு கட்டளை உண்டு: 'ராஇனா' என்று சொல்லாதீர்கள், 'உன்ளுர்னா' என்று சொல்லுங்கள் என்பது. முதற்சொல்லும் நல்ல பொருளுள்ள சொல்தான். ஆனால் அதைத் திரித்து இழிவாக்கும் வழக்கம் வந்துவிட்டதால், அந்தப் பாரம் ஏறாத வேறு சொல்லை எடுக்கும்படி சொல்லப்பட்டது. மறுமொழியாக இன்னொரு வசைச்சொல்லை அல்லாஹ் கற்றுத்தரவில்லை.

நமக்கு வேண்டியது இந்தப் பயிற்சிதான். ஒரு சொல் மேடையிலோ பத்திரிகையிலோ வரும்போது இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, இது ஓர் ஆளின் செயலைச் சொல்கிறதா, அவருடைய ஆக்கள் எல்லோரையும் சொல்கிறதா? இரண்டு, இந்தச் சொல்லை எடுத்துவிட்டு விடயத்தை எண்ணாலும் இடத்தாலும் சொன்னால் என்ன மிஞ்சும்? 'பிரிவினை' என்பதை எடுத்தால் மிஞ்சுவது ஒரு வரைபடம். 'உரிமை' என்பதை எடுத்தாலும் மிஞ்சுவது அதே வரைபடம்தான். அதை மேசையில் விரித்து, மாதவையும் பள்ளிவாசலையும் வாய்க்காலையும் கடைத்தெருவையும் குறித்து, இந்தப் பக்கம் இத்தனை குடும்பம், அந்தப் பக்கம் இத்தனை குடும்பம் என்று எண்ணத் தொடங்கலாம். எண்ணி முடித்த பிறகும் கருத்து வேறுபாடு இருக்கும். ஆனால் அது எல்லை பற்றிய கருத்து வேறுபாடாக இருக்கும், மனிதர் பற்றியதாக இராது. எல்லையைப் பேசித் திருத்தலாம். நெற்றியில் ஒட்டிய பெயரை உரிக்க ஒரு தலைமுறை போதாது.